ஏர் இன்டேக் மாற்றியபின் எரியும் மஞ்சள் லைட்: அறிகுறி பார்த்துப் பழுது பிடிப்பது எப்படி?

கம்பெனி ஏர் ஃபில்டர் பெட்டியைக் கழற்றிவிட்டு, வெளியே வாங்கிய இன்டேக் குழாயையும் கூம்பு ஃபில்டரையும் மாட்டியாகிவிட்டது. சத்தம் பிரமாதம். ஆனால் மீட்டரில் இன்ஜின் படம் போட்ட மஞ்சள் லைட் எரிகிறது. உடனே பலரும் பட்டறைக்குப் போய்ச் சொல்வது: "அண்ணே, ஸ்கேனர் போட்டு லைட்டை மட்டும் அணைச்சு விடுங்க."

அதை மட்டும் முதலில் செய்ய வேண்டாம். எரர் கோடு அழியும்போது, லைட் எரிந்த அந்த நிமிடத்தில் இன்ஜின் என்ன வேகத்தில் ஓடியது, எவ்வளவு சூடாக இருந்தது, எவ்வளவு பாரம் இழுத்தது என்று இன்ஜினின் கம்ப்யூட்டரான இ.சி.யூ. பதிந்து வைத்திருக்கும் குறிப்பும் சேர்ந்து அழிந்துவிடும். ஸ்கேனரில் அதற்குப் பெயர் ஃப்ரீஸ் ஃப்ரேம். பழுது பிடிப்பதில் பாதி வேலை அதில்தான் இருக்கிறது. 2013 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ்.4 கார்களிலும், 2020 ஏப்ரல் முதல் வரும் பி.எஸ்.6 கார்களிலும் ஸ்டீயரிங்குக்குக் கீழே 16 பின் சாக்கெட் இருக்கும். சின்ன புளூடூத் ஸ்கேனர் ஒன்றும் போனில் ஒரு செயலியும் இருந்தால், எரர் கோடையும் ஃப்ரீஸ் ஃப்ரேமையும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளலாம். பிறகு பானட்டைத் திறங்கள்.

லைட் எப்படி எரிகிறது என்பதையும் பாருங்கள். நிலையாக எரிந்தால் பதற்றம் வேண்டாம், மெதுவாக வீடு வந்து சேரலாம். விட்டு விட்டுச் சிமிட்டினால் கதை வேறு. சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் புகைக்குழாய்க்குப் போகிறது, புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் சூடேறிக் கெட்டுவிடும் என்று அர்த்தம். ஓரங்கட்டி நிறுத்துங்கள். சிவப்பில் ஆயில் குடுவையோ தெர்மாமீட்டரோ எரிந்தால் அதற்கும் இன்டேக்குக்கும் நேரடித் தொடர்பில்லை. அங்கேயே இன்ஜினை அணைக்க வேண்டும்.

உங்கள் வண்டி எந்த வகை?

இது தெரியாமல் மேலே போனால் நேரம்தான் வீண். உள்ளே வரும் காற்றை இன்ஜின் இரண்டு விதமாக அளக்கும். ஒன்று, ஃபில்டருக்குப் பின்னால் குழாயிலேயே உட்கார்ந்திருக்கும் ஏர் ஃப்ளோ சென்சார். மெக்கானிக்குகள் மாஃப் என்பார்கள். சூடேற்றிய ஒரு மெல்லிய தகடு காற்றில் எவ்வளவு குளிர்கிறது என்பதை வைத்து, வினாடிக்கு எத்தனை கிராம் காற்று போகிறது என்று கணக்குப் போடும். மற்றது மேப் சென்சார். இது த்ராட்டிலுக்கு (ஆக்சிலரேட்டரை மிதித்தால் திறக்கும் காற்றுக் கதவு) பின்னால், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துவிடும் மேனிஃபோல்டில் இருந்துகொண்டு அழுத்தத்தை அளக்கும். சின்ன பெட்ரோல் கார்கள் பலவற்றில் மேப் மட்டும்தான். சுஸுகி, டாடா, ஃபியட் மூன்று கம்பெனிகளும் போட்ட அந்த 1.3 லிட்டர் டீசல் உட்பட, காமன் ரெயில் டீசல்களில் பெரும்பாலும் மாஃப் உண்டு.

மாஃப் வண்டியில் சென்சாருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவே ஒரு கிளாம்ப் தளர்ந்தாலும் அளக்கப்படாத காற்று உள்ளே போகும், லைட் எரியும். மேப் வண்டியில் அதே கிளாம்ப் தளர்ந்தால் லைட் எரியவே எரியாது. கேட்க நல்ல சேதிபோல இருக்கும். உண்மையில் அதுதான் மோசம்: வடிகட்டாத புழுதி சத்தமில்லாமல் சிலிண்டருக்குள் போய்க்கொண்டே இருக்கும், ஒரு விளக்கும் சொல்லாது. மேப் வண்டிக்காரர்கள் லைட் எரியாவிட்டாலும் எல்லா மூட்டுகளையும் கையால் திருகிப் பார்த்துவிடுவது நல்லது.

முதல் ஸ்டார்ட்டிலேயே லைட் எரிகிறது

பெரும்பாலும் மின்சார விஷயம். கழற்றிய கப்ளரை (சென்சாரில் செருகும் வயர் முனை) திரும்ப மாட்டவில்லை, மாட்டியும் பூட்டு விழவில்லை, அல்லது உள்ளே ஒரு பின் வளைந்துவிட்டது. பி0102 என்று வந்தால் மாஃப் சிக்னல் குறைவு. பி0113 என்று வந்தால் காற்று வெப்பநிலை சென்சாரின் சர்க்யூட் திறந்து கிடக்கிறது.

இந்த இரண்டாவதைக் கண்டுபிடிப்பது சுலபம். ஸ்கேனரின் நேரடி அளவீட்டில் உள்வரும் காற்றின் வெப்பநிலையைப் பாருங்கள். கும்பகோணத்தில் மே மாத மத்தியானத்தில் மைனஸ் 40 டிகிரி என்று காட்டினால், சென்சார் இ.சி.யூ.வோடு பேசவே இல்லை. வயர் அறுந்தாலும் கப்ளர் கழன்றாலும் பல வண்டிகளில் அந்த எண்தான் வரும். பழைய பெட்டியின் சுவரில் இந்த வெப்ப சென்சார் தனியாகச் செருகியிருந்திருக்கும்; புதுக் குழாயில் அதற்கு ஓட்டை இல்லாததால் பொருத்தியவர் அதை வயரோடு தொங்கவிட்டிருப்பார், அல்லது பழைய பெட்டியோடு பரணில் ஏற்றியிருப்பார். பெட்டியை இறக்கிப் பார்த்துவிடுங்கள்.

கப்ளரைப் பிடித்து மெல்ல இழுங்கள். 'டக்'கென்று பூட்டு விழுந்திருந்தால் வராது. வந்துவிட்டால் உள்ளே டார்ச் அடித்துப் பின்களைப் பாருங்கள். நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் ஓடும் வண்டிகளில் உப்புக் காற்றால் பின்கள் பச்சைப் பிடித்திருக்கும். பல வருஷம் அசையாமல் இருந்த கப்ளரை இன்டேக் மாற்றும்போது ஒருமுறை கழற்றி மாட்டியதே தொடர்பு விட்டுப்போகக் காரணமாகிவிடும். எலக்ட்ரிக்கல் கான்டாக்ட் க்ளீனர் அடித்து, காய்ந்தபின் மாட்டினால் போதும். உப்புத்தாளால் தேய்க்காதீர்கள், மேல் பூச்சு போய்விடும்.

இன்னொரு சாத்தியம், மாஃப் சென்சாரைத் திருப்பி மாட்டியிருப்பது. அதன் உடம்பில் காற்று போகும் திசைக்கு ஓர் அம்புக்குறி இருக்கும். அது இன்ஜினைப் பார்க்க வேண்டும், ஃபில்டரை அல்ல.

ஐட்லிங்கில் ஆட்டம், நிற்கும்போது அணைந்துவிடுகிறது

ஆர்.பி.எம். முள் ஏறி ஏறி இறங்குகிறது, சிக்னலில் கிளட்ச் மிதித்தால் வண்டி ஆஃப் ஆகிறது, கோடு பி0171 (கலவையில் பெட்ரோல் குறைவு) அல்லது பி0507 (ஐட்லிங் வேகம் அதிகம்). எங்கோ காற்று ஒழுகுகிறது. முதலில் த்ராட்டில் பக்கத்து ரப்பர் மூட்டைப் பாருங்கள். மடிப்பு மடிப்பாக இருக்கும் ரப்பரில் கீழ்ப்பக்க மடிப்பில்தான் விரிசல் ஒளிந்திருக்கும். மேலே இருந்து பார்த்தால் புதுசு மாதிரியே தெரியும், விரல் விட்டுத் தடவித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்து மாஃப் சென்சாரின் அடியில் உள்ள ஓ-ரிங். பழைய பெட்டியிலிருந்து சென்சாரை எடுக்கும்போது அது அங்கேயே ஒட்டிக்கொண்டு நின்றிருக்கும். பிறகு பிரீதர் ஹோஸ். வால்வு கவரிலிருந்து பழைய குழாய்க்கு வந்த அந்த ஹோஸுக்குப் புதுக் குழாயில் முனை இல்லை என்று சிலர் சும்மா விட்டுவிடுகிறார்கள். அது ஃபில்டருக்கும் மாஃபுக்கும் பின்னால் வந்து சேர வேண்டிய ஹோஸ். வாயைத் திறந்து விட்டால் கணக்கில் வராத காற்றும் புழுதியும் அந்த வழியாகவே இன்ஜினுக்குள் போகும்.

ஒழுகல் தேடக் கார்ப்ரேட்டர் க்ளீனர் அடித்துப் பார்க்கும் பழக்கம் பட்டறைகளில் உண்டு. சூடான எக்ஸாஸ்ட் பக்கத்தில் அது தீப்பிடிக்கும், வீட்டில் வேண்டவே வேண்டாம். செடிக்குத் தண்ணீர் தெளிக்கும் ஸ்ப்ரேயரில் நல்ல தண்ணீர் ஊற்றி, இன்ஜின் ஐட்லிங்கில் ஓடும்போது ஒவ்வொரு மூட்டிலும் பனிபோலத் தெளியுங்கள். ஃபில்டர் மேலும் கப்ளர்கள் மேலும் படக் கூடாது. எந்த இடத்தில் தெளிக்கும்போது இன்ஜின் சத்தம் மாறுகிறதோ அங்கேதான் ஓட்டை.

வண்டி நன்றாக ஓடுகிறது, ஆனால் இரண்டு மூன்று நாள் கழித்து லைட்

அதிகம் பேர் மாட்டிக்கொள்வது இதில்தான். வண்டி நன்றாக ஓடுவதால் "சென்சார் கோளாறு" என்று சொல்லிப் புது மாஃப் வாங்க வைத்துவிடுவார்கள். காசு போகும், லைட் போகாது.

தாமதமாக எரிவதற்குக் காரணம் உண்டு. பெட்ரோல் கலவை சம்பந்தமான கோளாறுகளை இ.சி.யூ. ஒருமுறை பார்த்ததும் லைட் போடாது. அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் போடும். அதற்கு முன்னரே 'பெண்டிங்' என்ற பகுதியில் கோடு காத்திருக்கும், ஸ்கேனரில் பார்க்கலாம்.

இப்போது குழாயின் விட்டத்தை அளந்து பாருங்கள். கம்பெனி மாஃப் பெட்டியின் உள்விட்டம் 60 மி.மீ., புதுக் குழாய் 65 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். 5 மி.மீ. தானே என்று தோன்றும். ஆனால் காற்று போகும் பரப்பு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அது ஏறக்குறைய 17 சதவீதம் கூடிவிடுகிறது. அதே அளவு காற்று அகலமான வழியில் மெதுவாகப் போகும். சென்சாருக்குத் தெரிவது தன்மீது படும் காற்றின் வேகம்தான். அதனால் 15 சதவீதம்வரை குறைத்துச் சொல்லும். இ.சி.யூ. அதை நம்பிப் பெட்ரோலைக் குறைக்கும். ஆக்சிஜன் சென்சார் "பெட்ரோல் போதவில்லை" என்று சொன்னதும் திரும்பக் கூட்டும். இந்தக் கூட்டல் நிரந்தரமாக 20, 25 சதவீதத்தைத் தொட்டால் பல வண்டிகளில் பி0171 வந்து நிற்கும். 60-க்கு 70 மி.மீ. குழாய் போட்டிருந்தால் பரப்பு 36 சதவீதம் கூடிவிடும், லைட் எரியாவிட்டால்தான் ஆச்சரியம்.

ஸ்கேனரில் இந்தக் கூட்டலைச் சதவீதத்தில் காட்டும் லாங் டெர்ம் ஃப்யூயல் ட்ரிம் என்ற அளவைப் பாருங்கள். பிளஸ் மைனஸ் 10-க்குள் இருந்தால் கவலையில்லை. இன்ஜின் சூடானபின் ஐட்லிங்கில் ஒருமுறை, 2,500 ஆர்.பி.எம்.மில் பிடித்து ஒருமுறை, பாரத்தோடு ஓடும்போது ஒருமுறை குறித்துக்கொள்ளுங்கள். ஐட்லிங்கில் 20, ரேஸ் கொடுத்தால் 5 என்று இறங்கினால் காற்று ஒழுகல். முந்தைய பகுதிக்குத் திரும்புங்கள். ஐட்லிங்கில் சாதாரணமாக இருந்து பாரத்தில் ஏறினால் மாஃப் அழுக்கு. எல்லா வேகத்திலும் ஒரே மாதிரி உயர்ந்து நின்றால் குழாயின் விட்டம்.

பாரத்தோடு ஓட்டிப் பார்ப்பது டெல்டாவில் ஒரு தொல்லை. மேடே கிடையாது. மன்னார்குடியிலிருந்து திருத்துறைப்பூண்டிவரை போனாலும் பாலம் ஏறுவதுதான் மலையேற்றம். ஏ.சி.யை முழுசாக வைத்து, ஆள் நிரப்பி, தஞ்சாவூர் - திருச்சி சாலையில் வல்லத்துப் பக்கம் மூன்றாவது கியரில் இழுத்துப் பாருங்கள். அங்கே தெரியும் எண்தான் நம்பத் தகுந்தது.

விட்டம்தான் காரணம் என்றால் சென்சாரைக் கழுவுவதில் பலனில்லை. கம்பெனி மாஃப் குழலை அப்படியே வைத்து, அதற்கு முன்னால் மட்டும் கூம்பு ஃபில்டரை மாட்டும் கிட் வாங்குங்கள். அல்லது அந்தக் குழாய்க்கு ஏற்ப இ.சி.யூ.வில் மாஃப் அளவை மாற்றி எழுதத் தெரிந்த ட்யூனரிடம் போங்கள். வளைவை ஒட்டிச் சென்சார் உட்கார்ந்திருந்தாலும் காற்று சுழன்று அளவு தாறுமாறாகும், பி0101 வரும். பழைய குழலில் தேன்கூடு மாதிரி ஒரு வலை இருந்து, புதியதில் இல்லையென்றால் அந்தச் சந்தேகம் இன்னும் வலுக்கும்.

ஃபில்டர் கழுவியபின், அறுவடை முடிந்தபின்

தை, மாசியில் சம்பா அறுவடை நேரம். வயலில் அறுவடை மெஷின், சாலையில் காயும் நெல், வண்டிச் சக்கரத்தில் மிதிபடட்டும் என்று பரப்பிய உளுந்துச் செடி. காற்று முழுக்கச் சுணையும் பதரும் கூளமும். கம்பெனிப் பெட்டி முன்பக்கம் மேலே இருந்து காற்றெடுக்கும், மூடியும் இருக்கும். கூம்பு ஃபில்டர் பானட்டுக்குள் திறந்து கிடக்கிறது. எண்ணெய் தடவிய பருத்தி ஃபில்டர் என்றால் சுணை அதில் அப்படியே பிடித்துக்கொள்ளும், கொஞ்ச நாளில் மேலே சாம்பல் நிறத்தில் ஒரு கம்பளி படிந்துவிடும்.

பிரச்சினை அதைக் கழுவியபின் வருகிறது. மண்ணெண்ணெயில் அலசி, வெயிலில் காயவைத்து, இருக்கிற இன்ஜின் ஆயிலைத் தடவி மாட்டிவிடுகிறார்கள். அடுத்த வாரம் பி0101. அதிகப்படி எண்ணெய் காற்றோடு போய் மாஃப் தகட்டில் படலமாகப் படிந்து, அதன்மேல் புழுதி ஒட்டுகிறது. தகடு குளிர்வது தடைபட, அளவு தவறுகிறது.

இன்ஜின் ஆறியபின், சாவியை எடுத்துவிட்டு, கப்ளரைக் கழற்றிச் சென்சாரை வெளியே எடுங்கள். மாஃப் க்ளீனர் என்றே விற்கும் ஸ்ப்ரே மட்டும்தான் அடிக்க வேண்டும். கார்ப்ரேட்டர் க்ளீனர் படிவு விடும், பிளாஸ்டிக்கையும் தின்னும். பட்ஸ், துணி, விரல் எதுவும் தகட்டில் படக் கூடாது, கம்ப்ரஸர் காற்றும் வேண்டாம். பத்துப் பதினைந்து முறை குட்டிக் குட்டியாக அடித்து, கால் மணி நேரமாவது தானாகக் காயவிடுங்கள். சூடான பின் ஐட்லிங்கில், ஏ.சி. அணைந்திருக்க, 1.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின் வினாடிக்குச் சுமார் 2 கிராம் காற்று காட்ட வேண்டும்.

ஃபில்டரை அதற்கென்று உள்ள க்ளீனரில் ஊறவைத்து, உள்ளிருந்து வெளியே மெல்லத் தண்ணீர் விட்டு அலசி, நிழலில் முழுக்கக் காயவையுங்கள். மடிப்புக்கு ஒரு கோடு எண்ணெய் போதும், அது பரவ நேரம் கொடுங்கள். என் கருத்து: திருவாரூர், நாகை, மயிலாடுதுறை கிராமச் சாலைகளில் தினமும் ஓடும் வண்டிக்கு எண்ணெய் ஃபில்டரே வேண்டாம். உலர் வகை வாங்குங்கள், இந்தத் தலைவலியே இராது.

வெயில் காலத்தில் லைட் எரியாமல் இழுவை மட்டும் குறைந்தால் வேறு காரணம். நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்து நிற்கும்போது உள்வரும் காற்றின் வெப்பத்தைப் பாருங்கள். வெளியே 38 இருக்க உள்ளே 60 தாண்டினால், ஃபில்டர் ரேடியேட்டர் சூட்டைக் குடிக்கிறது. கோளாறு இல்லை, அதுதான் அந்தக் கிட்டின் லட்சணம். இடையில் ஒரு வெப்பத் தடுப்புத் தகடு வைத்தால் கொஞ்சம் குறையும்.

மழைக்குப் பின்

சாரலில் ஓடியபின் பி0101, பி0102 வந்து, காய்ந்ததும் போய்விட்டால் மாஃப் தகட்டில் துளிகள் விழுந்திருக்கின்றன. ஃபில்டரின் இடத்தை மாற்றுங்கள்.

பம்பருக்குப் பின்னால் தாழ்வாக ஃபில்டர் வைக்கும் கிட்கள் இருக்கின்றன. குளிர்ந்த காற்று கிடைக்கும், உண்மைதான். ஐப்பசி கார்த்திகையில் வாய்க்கால் வழிந்து சாலையும் வயலும் ஒன்றாகும் ஊரில் அதை மாட்டுவது விஷப் பரீட்சை. முழங்கால் தண்ணீர்கூட வேண்டாம், எதிரே வரும் பஸ் தள்ளும் அலையே போதும். தண்ணீருக்குள் இன்ஜின் அணைந்தால் மறுபடி ஸ்டார்ட் செய்யவே கூடாது. தண்ணீர் அமுங்காது, கனெக்டிங் ராடு வளைந்துவிடும். தள்ளிக் கரையேற்றி, ஃபில்டரைக் கழற்றிக் குழாய்க்குள் ஈரம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பிளக் அல்லது இன்ஜெக்டரைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றாமல் இன்ஜினைச் சுற்றக் கூடாது. அது மெக்கானிக் வேலை.

டீசலில் கரும்புகை, இழுவை இல்லை

பி0299 வந்தால், காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் டர்போவின் அழுத்தம் போதவில்லை. டர்போவுக்குப் பின்னால், அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரின் ஹோஸ் நழுவியிருந்தால், அளந்த காற்று வெளியே தப்பும், டீசல் எரியாமல் கரும்புகை வரும், முடுக்கும்போது 'புஸ்' என்ற சத்தமும் கேட்கும். மாஃபுக்கும் டர்போவுக்கும் நடுவே ஒழுகினால் புகை இராது. காற்று குறைவு என்று நினைத்து இ.சி.யூ. டீசலைக் குறைக்கும், வண்டி மந்தமாகும். டர்போ வாய்க்கு முன்னால் தளர்ந்த திருகோ வாஷரோ இருந்தால் உறிஞ்சி இறக்கையை உடைத்துவிடும் என்பதால், டீசலில் குழாயை மாட்டுமுன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள்.

ஏ.பி.எஸ்., ஸ்டீயரிங் லைட் சேர்ந்து எரிந்தால்

இன்டேக் மாட்டும்போது பேட்டரி டெர்மினலைக் கழற்றியிருப்பீர்கள். இன்ஜினை ஓடவிட்டு ஸ்டீயரிங்கை இரு பக்கமும் முழுக்கத் திருப்பி, கொஞ்ச தூரம் ஓட்டினால் பெரும்பாலும் அணைந்துவிடும். ஐட்லிங் சற்று மாறியிருந்தால் அதுவும் ஓட ஓடச் சரியாகும்.

இரவு நிறுத்தி, காலையில் லைட்

வைக்கோல் போர் பக்கத்தில் நிறுத்தினீர்களா? அறுவடைக்குப் பின் வயல் எலிகளுக்கு வேறு இடம் தேவை. இளஞ்சூடான பானட் அவற்றுக்கு வசதி. இன்டேக்கைக் குறை சொல்லுமுன் சென்சார் வயர்களில் பல் தடம் தேடுங்கள், ஃபில்டர் அடியில் புழுக்கையும் கிடக்கும்.

இன்னும் பிடிபடவில்லையா?

பழைய பெட்டியை அப்படியே திரும்ப மாட்டி, கோடு அழித்து, இரண்டு நாள் ஓட்டுங்கள். லைட் வராவிட்டால் கோளாறு கிட்டில். வந்தால் அது வேறு பழுது, இன்டேக் வெறும் சாட்சி. எந்தக் கம்ப்யூட்டர் டெஸ்ட்டும் இவ்வளவு தெளிவாகச் சொல்லாது. ஆகவே அந்தப் பெட்டியைப் பழைய இரும்புக் கடைக்குப் போடாதீர்கள். வாரண்டியில் இருக்கும் வண்டி என்றால் சர்வீஸுக்கு விடும்போதும் அது தேவைப்படும்.

மாஃப் கப்ளரைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்ப்பது இன்னொரு வழி. பல வண்டிகளில் அப்போது இ.சி.யூ. தன் கையிருப்புக் கணக்கில் ஓடும். சென்சார் இல்லாமல் வண்டி நன்றாக ஓடினால் சென்சாரோ அது உட்கார்ந்திருக்கும் குழாயோ பொய் சொல்கிறது. இதனால் ஒரு புதுக் கோடு சேரும், அதையும் பின்னால் அழிக்க வேண்டும்.

சரிசெய்தபின் அழிக்காமல் விட்டாலும், தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் கோளாறு தெரியாவிட்டால் பொதுவாக லைட் தானே அணையும். ஸ்கேனரில் அழித்தால் இ.சி.யூ.வின் சுயபரிசோதனைகள் எல்லாம் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். இன்ஜின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் ஊருக்குள், பிறகு 70, 80 வேகத்தில் ஒரே சீராக இருபது நிமிஷம் நெடுஞ்சாலையில் ஓட்டிவிட்டு, லைட்டைப் பார்க்காமல் 'பெண்டிங்' பகுதியைப் பாருங்கள். மறுநாளும் அதேபோல ஓட்டிய பிறகு அந்த இடம் காலியாக இருந்தால் கருவிப் பெட்டியை மூடிவிடலாம்.